இரண்டு மணி நேரம் பின்தங்கிய கடிகாரம்

காலை ஏழு பத்து. வட பின்லாந்தின் கெமியார்வி ஊரில், குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் இன்னும் இருட்டு. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து மூன்று டிகிரி. கார் எஞ்சின் ஹீட்டர்களுக்கு மின்சாரம் தரும் இடுப்பளவுக் கம்பத்தின் பெட்டியைத் திறந்து, உள்ளிருந்து குறித்த நேரத்தில் ஹீட்டரை முடுக்கும் கடிகாரத்தின் மேல் ரைலி டார்ச் அடிக்கிறாள். அது ஐந்து பத்து காட்டுகிறது. நேற்று மாலை இரண்டு மணி நேரம் மின்சாரம் போனபோது இதுவும் நின்றிருக்கிறது. முள்ளைத் திருத்த வேண்டுமென்று அவளுக்கும் தோன்றவில்லை, கணவன் ஆர்வோவுக்கும் தோன்றவில்லை. ஐந்து மணிக்கே எஞ்சினைச் சூடாக்கத் தொடங்கியிருக்க வேண்டிய ஹீட்டர் பத்து நிமிடம் முன்புதான் விழித்திருக்கிறது. காருக்குள் ஆர்வோ பெல்ட் மாட்டி உட்கார்ந்திருக்கிறான். ஒன்பது மணிக்கு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டிய ரோவனியெமி மருத்துவமனையில் அவனுக்கு டயாலிசிஸ். போன முறை பனிப்புயலில் தவறிவிட்டது. ரைலி ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்துகிறாள். இருவரின் மூச்சும் கண்ணாடியில் உறைகிறது.

“ராத்திரி முழுக்கப் போட்டு வைன்னேன், கேட்டியா?”

“ரெண்டு மணி நேரம் போதும். மிச்சமெல்லாம் வானத்தைச் சூடாக்குற வேலை.”

“வானமாவது சூடாயிருக்கும்.”

“அரை மணி பொறு ரைலி. இப்பவே சாவியைத் திருப்பினா பேட்டரி செத்துரும்.”

எஞ்சினிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவள் கை தானாகச் சாவிக்குப் போகிறது, மீள்கிறது, மறுபடி போகிறது. சட்டென்று சாவியை உருவி அவனிடம் நீட்டுகிறாள்.

“நீயே வெச்சுக்கோ. எங்கிட்ட இருந்தா திருப்பிருவேன்.”

அவன் கையுறையைக் கழற்றி வாங்குகிறான். வீங்கிய விரல்கள் சாவியைச் சுற்றி மடங்கவில்லை.