உள்ளே வந்த மழை

வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் வழியில், ஒரு பந்தல் வாசலில் இரண்டு ஜோடி ஷூக்கள் கிடந்தன. ரப்பர் ஷூ பிலோமினாவுடையது. வலைத்துணி ஷூ அவள் தங்கை சகாயமேரியுடையது.

காலை மழையில் ரப்பர் ஷூ, “எனக்குள்ள ஒரு சொட்டு வராது. நீதான் பாவம், தொப்பலா நனைஞ்சிட்டே,” என்று சிரித்திருந்தது.

பிறகு வெயில் ஏறியது. இப்போது பந்தலுக்குள் பிலோமினா, வேர்வையில் ஊறி வெளுத்த பாதத்தில் இருந்த கொப்புளங்களுக்கு மருந்து போட்டாள். இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருந்தது. சகாயமேரி காய்ந்த காலோடு போய் அக்காவுக்குச் சோறு வாங்கி வந்தாள்.

“அவ்வளவு மழையும் உனக்குள்ளதானே வந்துச்சு. எப்படி வெளிய அனுப்புனே?” என்று ரப்பர் ஷூ கேட்டது.

“நான் எங்க அனுப்புனேன்? நடந்துக்கிட்டே இருந்தேன், அதுவா போயிடுச்சு.”

“கெட்டிக்காரிதான் நீ,” என்றது ரப்பர் ஷூ. அது வெளியே பளபளவென்றுதான் இருந்தது. உள்ளே இன்னும் ஈரம் காயவில்லை.