கயிறு பிடித்தவள்

சுவரின் உச்சியிலிருந்த மணியை அடித்தாகிவிட்டது. இனி அவர் இரண்டு கைகளையும் சுவரிலிருந்து எடுத்துவிட்டுக் கயிற்றில் பின்னால் சாய வேண்டியதுதான் பாக்கி.

அவர் எடுக்கவில்லை.

அந்தச் சுவரேறும் விளையாட்டுக் கூடத்தில், பன்னிரண்டு மீட்டர் உயரத்தில், கலர் கலரான பிளாஸ்டிக் பிடிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, என் கணவர் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தார். கயிற்றின் ஒரு முனை அவர் இடுப்பில். அது உச்சியில் ஒரு வளையத்துக்குள் புகுந்து இறங்கி, என் இடுப்பு வாரில் மாட்டியிருந்த இரும்புப் பூட்டு வழியாக என் கைக்கு வந்தது.

பயிற்சிக்காரப் பெண் இருபது நிமிடம் பாடம் எடுத்திருந்தாள். கீழே நிற்பவருடைய வலது கைதான் மேலே இருப்பவருடைய உயிராம். அந்தக் கை பிடித்திருக்கும்வரை பூட்டில் கயிறு நகராது; மேலே இருப்பவர் சாய்ந்ததும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி இறக்க வேண்டும். தும்மல் வந்தாலும் விடக் கூடாது. என்னை இரண்டு முறை செய்யச் சொல்லிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஹெல்மெட் மாட்டத் தெரியாமல் திண்டாடிய பக்கத்துக் குடும்பத்தைக் கவனிக்கப் போய்விட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், என் கணவருக்கு வேலையே செல்போன் டவர் ஏறிப் பழுது பார்ப்பதுதான். பதினெட்டு வருடப் பிழைப்பு. அறுபது மீட்டர் உச்சியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற மனிதர். இதை நான் உள்ளே நுழைந்ததுமே ரிசப்ஷனில் இருந்தவளிலிருந்து வரிசையில் நின்றவர்கள்வரை எல்லோரிடமும் சொல்லித் தொலைத்திருந்தேன். வாய் சும்மா இருந்தால்தானே.

இப்போது அவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வார இறுதிக் கூத்தெல்லாம் அவருடைய யோசனை. சனி, ஞாயிறு வந்தால் இதே ஊரில் நாங்கள் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும். நூலகத்து அறிவிப்புப் பலகையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவார். தேனீப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டோம். நேற்று கோடாலி எறிந்தோம். என் கோடாலி பலகையைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது.

எதற்காக இதெல்லாம் என்று அவர் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

எட்டு மாதம் முன்னால் நான் வீட்டை விட்டுப் போனேன். தனியாகப் போகவில்லை. ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது, கதவைத் திறந்தவர் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். இனி அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்று நானாகவே சொன்னேன். சரி என்றார். அந்தச் சரியை நம்பித்தான் நான் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடமாடிக்கொண்டிருந்தேன்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“விடுங்க, நான்தான் புடிச்சிருக்கேன்ல.”

அவர் குனிந்து பார்த்தார். என் முகத்தை அல்ல. அதற்குக் கொஞ்சம் கீழே எங்கேயோ பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு சுவரை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிடமே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கம்பெனி அனுப்புகிற எவனோ ஒருவன் கயிறு பிடித்தால் நம்புவார், பெண்டாட்டி பிடித்தால் நம்ப மாட்டார். ஆக, மன்னித்ததெல்லாம் வாய் வார்த்தை. எட்டு மாதமாக மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் எனக்குத் தேனீயும் கோடாலியும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். முன்பின் தெரியாத இத்தனை பேர் நடுவில் நிறுத்தி, இவளை நம்ப முடியாது என்று சொல்லாமல் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போனதும் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அவர் இறங்க ஆரம்பித்தார். கயிற்றில் சாயாமல், ஏறிய வழியிலேயே, ஒவ்வொரு பிடியாகக் காலால் துழாவித் துழாவி. டவரில் ஏணி இருக்கும். இங்கே விரல் நுனி நுழையும் அளவுக்குத்தான் பிடிகள். ஒரு முறை கால் வழுக்கி ஒற்றைக் கையில் தொங்கினார்.

அவர் இறங்க இறங்க, பூட்டு வழியாகக் கயிறு மேலே போய்க்கொண்டிருந்தது.

வலது கை பிடித்திருந்தால் நகராது என்றுதானே சொல்லியிருந்தார்கள். அது பாட்டுக்கு நகர்ந்தது.

நான் என் கைகளைப் பார்த்தேன். இடது கை கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடது கை கணக்கில் சேராது.

வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. உள்ளங்கையில் போன்.

அவர் மணி அடித்த நேரத்தில் அது ஒரு முறை அதிர்ந்திருந்தது. கயிற்றை எப்போது விட்டேன், கை எப்போது உள்ளே போனது, சத்தியமாக எனக்குத் தெரியாது. யாருடைய செய்தி என்று எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்துக்கு அந்த ஒருவரிடமிருந்துதான் வரும்.

பாய்ந்து கயிற்றைப் பிடித்தேன். அதைப் பார்த்தும் அவர் சாயவில்லை. தரைவரைக்கும் தன் கையாலேயே இறங்கி வந்தார்.

பயிற்சிக்காரப் பெண் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவரைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“ஒண்ணுமில்லம்மா. எனக்குத்தான் மேல போனதும் பயமாயிடுச்சு.”

டவர் ஏறுகிறவராம் என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சேர்ந்து சிரித்தேன்.