மழை நாள் கூலி

"இந்த ஒரு வரியை மட்டும் தூக்கிடுங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

கம்பெனி மேனேஜர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். புதுக் கிடங்கு கட்டுவதற்கான செலவுக் கணக்கு அதில் கட்டம் கட்டமாக விரிந்திருந்தது. செங்கல், மணல், கம்பி, சாரம் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், பச்சை நிறம் பூசிய ஒரு வரியில் வந்து முட்டிக்கொண்டு நின்றார். 'மழை நாள் கூலி' என்றிருந்தது அங்கே.

"வேலையே நடக்காத நாளுக்கு நான் எதுக்கும்மா கூலி குடுக்கணும்?"

எதிரில் இருந்த காண்ட்ராக்டர் அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். கட்டட வேலைக்காரர்கள் எல்லாருக்கும் அவர் அக்கா.

"மழை பெய்ஞ்சா சுவருக்கு லீவு விடலாம் சார். வயித்துக்கு லீவு விட முடியுமா?"

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. வெளியில இன்னொரு காண்ட்ராக்டர், அந்த மீசைக்காரர், காத்துக்கிட்டிருக்கார். கண்ணாடிக்காரரும் வந்திருக்கார். அவங்க கணக்கு ஷீட்ல இந்த வேடிக்கையெல்லாம் இருக்காது."

"அப்படின்னா அவங்களுக்கே குடுங்க. நான் அந்த வரியைத் தொட மாட்டேன்."

பக்கத்தில் இருந்தவர், அக்காவுக்குச் செலவுக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் எஸ்டிமேட்டர். ஒரு பெரிய கம்பெனியை விட்டுவிட்டு அண்மையில்தான் அக்காவிடம் வந்து சேர்ந்தவர் அவர். இந்த வேலை கைநழுவினால், சும்மா இருக்கும் அக்காவின் ஆட்கள் ஆளுக்கொரு திசையாகச் சிதறிப் போவார்கள் என்று அவருக்குத் தெரியும். குனிந்து அக்காவின் காதைக் கடித்தார்.

"அக்கா, வரியை அழிச்சிட்டு, அந்தத் தொகையைக் கம்பி விலையில கரைச்சு விட்டுடலாம். ஈ காக்காய்க்குத் தெரியாது."

அக்கா அறை முழுக்கக் கேட்கும்படியே பதில் சொன்னார்.

"ஒளிச்சு வைக்க அது என்ன திருட்டுச் சாமானா தம்பி? பேரைச் சொல்லிக்கிட்டுத் தலை நிமிர்ந்து அதே இடத்துல நிக்கட்டும்."

மேனேஜர் முகம் சிவந்தது. "சரி, வெளியில உக்காருங்க. அப்புறம் வருத்தப்படக் கூடாது."

வராந்தாவில் உட்கார்ந்தார்கள். மீசைக்காரர் உள்ளே போகும்போது, அக்காவைப் பார்த்து மீசைக்குள்ளேயே சிரித்துக்கொண்டு போனார்.

"அந்தச் சிரிப்பைப் பார்த்தீங்களா அக்கா? நம்ம சோத்துல மண்ணைப் போடத்தான் வந்திருக்கார். அந்த ஆளுக்கு நம்ம ஷீட் மேல எப்பவும் ஒரு கண்ணு. ஆனா நான் யாரு? நேத்து நீங்க ஷீட்டை முடிச்சதுமே எல்லா ஃபைலுக்கும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிட்டேன். மேனேஜர்கிட்ட குடுத்ததை மட்டும்தான் விட்டு வச்சேன்!"

"பூட்டிட்டீங்களா?" என்று அக்கா அவர் முகத்தையே பார்த்தார். தன் அக்கறையைக் கண்டு நெகிழ்ந்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டார், பாவம், எஸ்டிமேட்டர்.

வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. எதிர்க் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஒரே தார்ப்பாய்க்குள் ஒண்டினார்கள். ஒருத்தி கையை நீட்டி நீட்டி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளிருந்து மேனேஜரின் குரல் வெடித்தது. "என்ன சார் இது? உங்க ஷீட்லயும் மழை நாள் கூலியா?"

"ஆமா சார். எடுக்க முடியாது."

எஸ்டிமேட்டர் துள்ளி எழுந்து கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்.

"அக்கா, திருட்டு! பட்டப்பகல் திருட்டு! அதே வரி, அதே பச்சை!"

"உக்காருங்க தம்பி."

அடுத்துக் கண்ணாடிக்காரர் போனார். மறுபடியும் அதே சத்தம். "சார், அதை நான் எடுத்தா, என் ஆளுங்க என்னை எடுத்துடுவாங்க" என்று அவர் பணிவாகச் சொல்வதும் கேட்டது.

எஸ்டிமேட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊரே சேர்ந்து நம்மளைக் கொள்ளையடிச்சிருக்கு அக்கா!"

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வெளியே வந்தார். தொங்கிப்போன முகம்.

"அந்த வரியை யாருமே விட மாட்டேங்கிறீங்க. இருந்து தொலையட்டும். மொத்தத்துல மீசைக்காரர் ரேட்தான் கொஞ்சம் கீழே இருக்கு. வேலை அவருக்கு."

எஸ்டிமேட்டர் அக்காவிடம் குமுறினார். "நம்ம வரியை வச்சே நம்மளைத் தோற்கடிச்சுட்டாங்களே. உங்களுக்குக் கோபமே வரலையா?"

"இந்த வேலை போனா இன்னொண்ணு வரும் தம்பி. அந்த வரி போயிருந்தா திரும்பி வந்திருக்காது."

மீசைக்காரர் நேராக அவர்களைப் பார்த்து வந்தார். எஸ்டிமேட்டர் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு குறுக்கே நின்றார். மீசைக்காரர் அவரைத் தூணைச் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டு அக்காவிடம் போனார்.

"அக்கா, என் ஆளுங்க பத்தாது. பூச்சு வேலை முழுக்க உங்க ஆளுங்கதான், மழை நாள் கூலியோட. அது கிடக்கட்டும், ரேட்டுக் கட்டத்தையெல்லாம் காலி பண்ணி எனக்கும் கண்ணாடிக்காரருக்கும் எப்பவும்போல நேத்து புது ஷீட் அனுப்பினீங்களே, அது திறக்கவே மாட்டேங்குது! நீங்க முன்னே குடுத்த பழசை வச்சுத்தான் ஒப்பேத்தினோம். புதுசு ஏதோ பாஸ்வேர்டு கேக்குது."

அக்கா எஸ்டிமேட்டர் பக்கம் திரும்பினார். "என்ன பாஸ்வேர்டு தம்பி? சத்தமாச் சொல்லுங்க, அவர் குறிச்சுக்கட்டும்."

எஸ்டிமேட்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மீசையை நம்பாதே."