நம்பர் தானாகச் சரியாகிவிடும்

நாய்க்கு முழுசாக ஓர் அத்தியாயம். மனைவிக்கோ, ‘பழைய வீடு’ அத்தியாயத்தில், ‘சமையலறை’ என்ற பிரிவுக்கும் அடியில், பொடி எழுத்தில் ஓர் உட்தலைப்பு.

டைல்ஸ் கடை முதலாளியின் சுயசரிதையைக் கணினியில் புத்தகமாகப் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“பதினெட்டு வருஷம் உங்களோட குடித்தனம் நடத்தினவங்க. ஒரு தனி அத்தியாயம் குடுக்கக் கூடாதா?”

பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்த முதலாளி பல் குத்திக்கொண்டே சிரித்தார். “செத்துப்போனவ எழுந்து வந்து படிக்கவா போறா? இப்பதான் தோணுது, அந்த ‘பழைய வீடு’ அத்தியாயமே வேண்டாம், தூக்கிடு. ஆமா, நடுவுல அத்தியாய நம்பர் விட்டுப்போகுமா?”

“போகாது. ஒண்ணை எடுத்தா, அடுத்ததெல்லாம் தானா முன்னாடி வந்துடும். அங்க ஒண்ணு இருந்த தடமே தெரியாது.”

“பேஷ்! பேஷ்!”

தூக்கினாள்.

“கடைசியில ‘புது வாழ்வு’ இருக்கு பாரு, அந்தத் தலைப்பைத் தங்க நிறத்துல பெருசாப் போடு. கல்யாணம் முடிஞ்சதும் மீதியை எழுதித் தரேன்.”

அவள் அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். அதற்குப் பின்னால் இருந்த ‘நன்றி’ சத்தமில்லாமல் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தது.

“ஏய், ஏய்! அதை எதுக்கு அழிக்கிறே?”

போன வாரம் அவர் போட்டுவிட்ட நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி, அவர் கையிலேயே வைத்தாள்.

“கவலைப்படாதீங்க. நம்பர் தானா சரியாயிடும்.”