மொட்டை வாசல்

"ஐயோ, பிடுங்கிட்டாளே! அத்தனையையும் பிடுங்கிட்டாளே!"

முனவ்வர் போட்ட கூச்சலில் சந்தே வெளியே வந்துவிட்டது. அவள் கணவர் எர்காஷ் மட்டும் உள்ளே கைத்தடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டு ஸும்ராத் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நேற்று சாயங்காலம் அவள் வாசலோரத்து வெற்று மண்ணில் முனவ்வரே இடுப்பொடிய நட்ட பெட்டூனியாப் பூ நாற்றுகள் அவை. சுற்றிலும் செங்கல் பதித்து, வெள்ளையும் அடித்திருந்தாள். இப்போது அந்த நாற்றெல்லாம் ஈரத்துணி போர்த்திய கூடையில், முனவ்வர் வீட்டுப் படியிலேயே வந்து உட்கார்ந்திருந்தன.

நமங்கான் நகரத்தில் அடுப்பில் சோறு இல்லாவிட்டாலும் வாசலில் பூ இருக்கும். இந்த வசந்தத்தில் மஹல்லா கமிட்டி, அதாவது பேட்டைக் கமிட்டி, ஒரு போட்டி வேறு வைத்திருந்தது. பூச்செடியில் முதலாவதாக வரும் சந்துக்குத் தார் ரோடு!

முனவ்வருக்கு அந்த ரோடு வேண்டும். மழை பெய்தால் சந்து முழுக்கச் சேறு. ஆஸ்பத்திரிக்கு நடக்கிற எர்காஷ் இரண்டு தடவை வழுக்கி விழுந்துவிட்டார். அதனால் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள், மிரட்டினாள், நாற்று கொடுத்தாள். சந்தோடு ஓடும் வாய்க்காலின் இரு கரையிலும் துலுக்கச் செவ்வந்தியும் திருநீற்றுப் பச்சையும் பொங்கி வழிந்தன. சந்து முட்டி நிற்கிற கடைசியில், ஸும்ராத் வாசல் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி மொட்டையாகக் கிடந்தது.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் சந்திலேயே பெரிய ரோஜாத் தோட்டம் அவளுடையதுதான். என்ன பேய் பிடித்ததோ, ஒரு செடி விடாமல் எடுத்துவிட்டாள். கேட்டால் ஒரு நாள் மண் உப்பு என்பாள், இன்னொரு நாள் முதுகு வலி என்பாள்.

"விடேன், அவங்க வாசல், அவங்க இஷ்டம்," என்றபடி எர்காஷ் வெளியே வந்தார்.

"நீங்க யாரைத்தான் விடல? அந்த ஆம்புலன்ஸ் டிரைவரையும் இப்படித்தான் விட்டீங்க. நெஞ்சு வலில துடிச்ச உங்களை ஏத்திக்கிட்டு, முன்னயும் பின்னயும் உருட்டிக்கிட்டு வாசல்லயே நின்னானே தடியன்! இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நீங்க தேறியிருக்க மாட்டீங்கன்னு டாக்டரே சொன்னார்."

"அந்தக் கதை எதுக்கு இப்ப?"

"எதுக்கா? இன்னும் கொஞ்ச நேரத்துல கமிட்டி வருது!"

கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் பாய்ந்தாள். பத்து வயது மூத்த ஸும்ராத், பிடுங்கிய செங்கல்லை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க காசா போச்சு? உங்க முதுகா வளைஞ்சுது? நான்தானே நட்டேன்? தண்ணியும் நானே ஊத்தறேன்னேனே!"

"வேணாம் புள்ள. இந்த இடத்த விட்டுடு."

"காரணமாச்சும் சொல்லுங்க."

"முதுகு வலி."

"நான் நட்டா உங்களுக்கு எப்படி முதுகு வலிக்கும்?"

ஸும்ராத் இன்னொரு செங்கல்லை எடுத்து அடுக்கினாள். அதற்குள் கமிட்டி வேன் உள்ளே வந்துவிட்டது.

கமிட்டித் தலைவி இறங்கி, வேன் பின்னால் ஊர்ந்து வர, வழியெல்லாம் புகழ்ந்துகொண்டே நடந்து வந்தார். கடைசியில் அந்த மொட்டை மண் முன்னால் நின்றார்.

"இது யார் வாசல்?"

முனவ்வர் விரலை நீட்டினாள். "கேளுங்கம்மா, நல்லாக் கேளுங்க!"

"என்னுதுதான்," என்றாள் ஸும்ராத். "வைக்க முடியல. தப்புதான்."

தலைவி உதட்டைப் பிதுக்கினார். "அடடா! மத்ததெல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா பக்கத்து சந்துல ஒரு வாசல்கூட காலி இல்லியே. ரோடு அவங்களுக்குத்தான். அடுத்த வருஷம் பாருங்க."

வேன் ஸும்ராத்தின் வெற்று மண்ணில் ஏறி, ஒரே வளைவில் திரும்பிப் போய்விட்டது. சந்துக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

முனவ்வருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"வயிறு குளிர்ந்துச்சா அக்கா? இந்த மனுஷன் இனி மழைக்கு மழை சேத்துல விழட்டும். நீங்க ஜன்னல்ல நின்னு பாருங்க!"

ஸும்ராத் எர்காஷைப் பார்த்தாள். "தம்பி, நீங்க உள்ள போங்க. வெயில் ஏறுது." அவர் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"வேன் எப்படித் திரும்புச்சுன்னு பாத்தியா?"

"பாத்தேன். அதுக்கென்ன?"

"அந்த ஆம்புலன்ஸ் பையனத் திட்டாத. அவன் மேல ஒரு தப்பும் இல்ல. வண்டி திரும்ப இடமில்லாமத்தான் நின்னான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு விடியக்காலைல வாசல் பெருக்க வந்தவ நான் ஒருத்திதான். நீ வண்டிக்குள்ள அவர் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டிருந்த. வெளிய என்ன நடந்துச்சுன்னு உனக்கு எங்க தெரியும்? திரும்பற இடம் பூரா என் ரோஜா."

முனவ்வர் கையிலிருந்த கூடை மெல்லக் கீழே இறங்கியது.

"இத ஏங்க்கா இத்தன நாள் சொல்லல?"

"நோவுல விழுந்து எழுந்த மனுஷன் வீட்டு வாசல்ல நின்னு, 'மறுபடி அந்த வண்டி வந்தா'ன்னு எந்த வாயால சொல்லுவேன்? வரக்கூடாது. ஆனா வந்தா, திரும்பணுமில்ல?"

"அப்ப அந்த ரோஜாவெல்லாம்..."

ஸும்ராத் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். குறுக்கும் நெடுக்குமாக முள் கிழித்த பழைய தழும்புகள்.

"மண்வெட்டி தேட நேரமில்ல புள்ள."