கிணறு என்றொரு கருவி

“அன்னைக்கு நீங்க தொறந்து காட்டுனப்போ அந்த ‘டெவ்’ ஃபோல்டர்ல ஒண்ணுமே இல்லையே. பொறகு தராசு எங்கயிருந்து பேசுது?” என்று கேட்டாள் கிருஷாந்தினி.

நிமலன் கணினியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. யட்டவத்தயில் மிளகும் கராம்பும் வாங்குகிற அந்த ஸ்டோரில் அவனுக்கு இன்று கடைசி நாள். மாத்தளைக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து இரண்டு மாதமாக வந்து, மின்தராசைக் கணினியோடு இணைத்து முடித்தாயிற்று. இனி மூட்டைகளை நிறுக்கும் கிருஷாந்தினிதான் இதைக் கட்டி மேய்க்க வேண்டும்.

“டெவ்ங்கிறது கருவிகளோட பேரு இருக்கிற எடம். பேரு கண்ணுக்குத் தெரியணும்னு அவசியமில்ல. கூப்பிட்டா வரும்,” என்றான். “தராசு வயர் மாட்டுற எடத்துக்கு விண்டோஸ் வச்ச பேரு காம் நாலு. நம்ம நிறுவை புரோகிராம் லினக்ஸுக்கு எழுதினது. அதுக்கு அந்தப் பேரு தெரியாது. ‘டெவ்ல டிடிஒய்எஸ் மூணு எங்க’ன்னு கேக்கும். நடுவுல நான் போட்டிருக்கிற சிக்வின்ங்கிற இன்னொரு புரோகிராம், ‘அதுதான் இது’ன்னு கையக் காட்டி விட்டுடும். டிஸ்க்ல அப்பிடி ஒரு ஃபைலே கெடையாது.”

“நாலு எப்பிடி மூணாச்சு?”

“அவங்க சைபர்ல இருந்து எண்ணுவாங்க. அது தெரியாமத்தான் மொத வாரம் பூரா தராசு ஊமையாக் கெடந்துச்சு.”

அவள் சிரித்தாள். நிமலனால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. காலையில் மூட்டை தூக்கும் இருளாண்டி சொன்ன செய்தி அப்படி.

“நம்ம கிருஷாந்தினிய ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாறாங்க தம்பி. மாப்பிள்ளைக்கு மாத்தளையிலதான் வேலையாம்.”

மனசில் இருப்பதை இரண்டு மாதத்தில் அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கலாம். தராசைப் பேச வைத்தவனுக்குத் தன் வாயைத் திறக்கத் தெரியவில்லை. அதற்குப் பதிலாகத் தினமும் சாயங்காலம் கணினியில் ஒரு வரி தட்டி எறிந்துவிட்டுப் போவான். டெவ்வுக்குள் எதைப் போட்டாலும் விழுங்கிவிடுகிற ‘நல்’ என்றொரு கருவி உண்டு என்று அவன் படித்திருந்தான். அந்தப் பெயர் பிடிக்காமல், தானே ‘கிணறு’ என்று ஒன்றை வைத்துக்கொண்டான். அதில் எழுதினால் திரையில் ஒன்றும் வராது. நிம்மதியாகப் பஸ் ஏறுவான்.

முதலில் எறிந்தது இஞ்சியைப் பற்றி. அவள் போட்டுத் தரும் பிளேன்டீயில் இஞ்சி தொண்டையைப் பிடுங்கியது. முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? அடுத்த வாரமே இஞ்சி நின்றுபோனது. விலை ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு எறிந்ததெல்லாம் அவளைப் பற்றித்தான். ‘நிமலன் அண்ணா’ என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், போன மாதம் திடீரென்று அதை நிறுத்திவிட்டாள். இப்போது வெறும் ‘இங்க பாருங்க’தான். ‘அண்ணா’ ஒழிந்ததற்குச் சந்தோஷப்படுவதா, ஏதும் கோபமோ என்று பயப்படுவதா என்று தெரியாமல் முழித்தான்.

“இங்க பாருங்க,” என்றாள் இப்போதும். “இல்லாத கருவிக்கு நாமளே ஒரு பேரு வச்சு, அதுல எழுதினா என்ன ஆகும்?”

“அந்த டெவ்வுக்குள்ளயா? கிணத்துல போட்ட கல்லுதான். போனது போனதுதான்.”

“நல்லாத் தெரியுமா?”

“ரெண்டு மாசமாப் போட்டுப் பாத்துட்டேனே,” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. “ஞாயித்துக்கெழம விசேஷம்னு இருளாண்டி மாமா சொன்னாரு. மாப்பிள்ளை எப்பிடி?”

“ரொம்ப நல்லவரு. என்ன, கொஞ்சம் வெவரம் பத்தாது.”

“வீட்ல புடிச்சிருக்கா?”

“அம்மா, அப்பா, எல்லாருக்கும் சம்மதம்.”

“சந்தோஷம்,” என்றான் நிமலன். கிணற்றில் எறிந்த நாற்பது வரியில் ஒன்றையாவது இவளிடம் எறிந்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பைக்குள் வைத்தான்.

கிருஷாந்தினி மவுஸைத் தன் பக்கம் இழுத்தாள். விண்டோஸ் பக்கமாகப் போய் அந்த ‘டெவ்’ ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு ஃபைல் இருந்தது. அதன் பெயர் ‘கிணறு’.

“இல்லாத கருவிக்கு எழுதினா அது சாதாரண ஃபைலா உள்ள ஒக்காந்துக்குது,” என்றாள். “நீங்க வந்த மொத வாரமே கண்டுபுடிச்சிட்டேன்.”

நிமலனுக்குக் காது சுட்டது. அவள் ஃபைலைத் திறந்துவிட்டிருந்தாள். முதல் வரி இஞ்சி. நடுவில், ‘அண்ணான்னு கூப்பிடாம இருந்தாப் போதும்’ என்ற வரி. ஓடி ஒளியலாம் என்றால் கதவுப் பக்கம் அவள் நின்றாள். வரி வரியாகப் படித்துக் கீழே இறங்கிக்கொண்டே போனான். கடைசியில் அவன் புலம்பியிருந்த ஐந்து வரிகளுக்கு மேலே, அவன் எழுதாத ஒரு வரி இருந்தது.

‘ஞாயித்துக்கெழம உங்க அம்மா அப்பாவக் கூட்டிக்கிட்டுப் பொண்ணு பாக்க வாங்க. எங்க வீட்ல சொல்லிட்டேன்.’

“எழுதி வச்சு ஒரு வாரமாச்சு,” என்றாள் கிருஷாந்தினி. “ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருச்சு. மாப்பிள்ளைக்கு மட்டுந்தான் இன்னும் தெரியல.”