மீசைக்கு வயது என்ன?

ஈப்போ மண்டபத்துக்குள் நுழையும்போதே பெர்னார்ட் மூக்கை விடைத்துக்கொண்டுதான் நுழைந்தார். பள்ளிகளுக்கிடையிலான இயந்திர மனிதன் போட்டிக்கு அவர்தான் தலைவர். பள்ளிக்கு இரண்டு மாணவர்கள். ஒருவர் குறைந்தாலும் வெளியே. வயது பதினைந்தைத் தாண்டினாலும் வெளியே.

போன வருடம், எண்பத்து மூன்றில், கோப்பையைத் தட்டிக்கொண்டு போன 'மாணவன்' அடுத்த வாரமே கல்யாணப் பத்திரிகையோடு அவர் வாசலில் வந்து நின்றான். ஊரே சிரித்தது. "இன்னொரு தடவை இப்படி நடந்தா உங்களுக்குப் பதவியும் இல்ல, ஈப்போவுக்குப் போட்டியும் இல்ல" என்று மேலிடம் கறாராகச் சொல்லிவிட்டது.

மூலை மேசையில் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள் இருவர். மைலோ டின்களைக் கோத்துச் செய்த அவர்களுடைய இயந்திர மனிதன், ரப்பர்ப் பால் கோப்பையைத் தூக்கி வாளியில் அலுங்காமல் கவிழ்த்தான். பெர்னார்ட் வாயைப் பிளந்தார். அப்புறம்தான் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார். பனைமர உயரம். மீசை வேறு.

"பேரு என்னப்பா?"

"அர்ச்சுனன் சார். பாரம் மூணு படிக்கிறேன்." குரல் கட்டையாக வந்தது.

கீழே குந்திக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தவனோ சுண்டெலி. தொளதொளத்த பள்ளிச் சட்டை, எண்ணெய் வழியப் படிய வாரிய தலை, கன்னத்தில் அடக்கிய புளிப்பு மிட்டாய். மூக்கும் முழியும் பெரியவனின் அச்சு. அண்ணன் சட்டையை மாட்டி அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது, பாவம்.

"தம்பியா?"

"பத்துமலை சார். தொண்டை கட்டிக்கிச்சு, பேச முடியாதுலா."

சின்னவனைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பெரியவனைப் பிடித்துக்கொண்டார் பெர்னார்ட். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வருடம் ரிமூவ் வகுப்பில் உட்கார்ந்து மலாய் படித்துவிட்டுத்தான் இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான பாரம் ஒன்றுக்குப் போவார்கள். பாரம் மூன்றுக்கு வரும்போது பதினாறு ஆகிவிடும். மாட்டினான் பயல்.

"ரிமூவ்ல உனக்கு வாத்தியாரு யாருப்பா?" என்றார், தேன் ஒழுக.

"நான் ரிமூவ் போகல சார். மலாய்ல நல்ல மார்க்கு. நேரா பாரம் ஒண்ணு."

"அப்படியா? இது எப்படி வேலை செய்யுதுன்னு மலாய்லயே சொல்லு பாப்போம்."

அர்ச்சுனன் மடை திறந்தான். மலாய்க்கார நடுவர்கள் கைதட்டியே விட்டார்கள். பத்துமலைக்குக் கண் கலங்கிவிட்டது.

பெர்னார்டுக்கு வெட்கமாகப் போயிற்று. ஒரு மீசையை வைத்து நல்ல பிள்ளையைச் சந்தேகப்பட்டுவிட்டோமே ஆண்டவரே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சாயங்காலம் வெற்றிக் கோப்பையைத் தன் கையாலேயே அவர்களுக்குக் கொடுத்தார். சின்னவனின் கன்னத்தையும் செல்லமாகக் கிள்ளினார். கொஞ்சம் சொரசொரப்புதான், வெயிலில் அலைகிற பிள்ளை.

தில்லுமுல்லு இல்லாமல் போட்டி முடிந்த நிம்மதியோடு காரைத் திறக்க வந்தவர் அப்படியே நின்றார். பத்துமலை மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான். வாயில் சிகரெட். இந்த வயதில் இதெல்லாமா? கண்டிக்கத்தான் வாயெடுத்தார். அதற்குள் அர்ச்சுனன் கோப்பையை அணைத்தபடி பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

"அப்பா, வீட்டுக்குப் போனதும் என் சட்டையைக் கழட்டிக் குடுத்திருங்க. நாளைக்கு எனக்கு ஸ்கூலு இருக்குலா."